எட்டு மணி நேரக் கரை

உல்லாசக் கப்பல் துறைமுகத்தில் நிற்கிறது. கையில் நான்கு வயதுக் குழந்தை, பையில் அளவான பணம். இறங்கி எங்கே போவது?

காலை 8 மணிக்குக் கப்பல் துறைமுகத்தில் கட்டப்படும். மாலை 5 மணிக்குப் புறப்படும். பயணிகள் 4 மணிக்குள் திரும்பிவிட வேண்டும். அட்டவணையைப் பார்க்கும் அப்பாவுக்கு எட்டு மணி நேரம் கையில் இருப்பதாகத் தோன்றும். கோட்டை, கோயில், கடற்கரை, கடைவீதி என்று மனதுக்குள் பட்டியல் நீளும்.

அம்மாவின் கணக்கு வேறு. கப்பல் நின்றதும் யாரும் இறங்கிவிட முடியாது. சோதனை, வரிசை, துறைமுக வாசல் வரை பஸ் என்று ஒரு மணி நேரம் போய்விடும். பகல் ஒரு மணிக்குக் குழந்தைக்குத் தூக்கம் வரும். அதற்கு முன் சோறு, அதற்கும் முன் இரண்டு முறை பாத்ரூம். கடைசி நேர டிராபிக்குக்குப் பயந்து ஒரு மணி நேரம் முன்பே திரும்ப வேண்டும். எட்டு மணி நேரத்தில் குழந்தையோடு உருப்படியாகக் கிடைப்பது காலை 9 முதல் பன்னிரண்டரை வரை. மூன்றரை மணி நேரம்.

சிறு குழந்தையோடு கப்பல் ஏறும் குடும்பம் முதலில் ஏற்க வேண்டிய கணக்கு இது. ஏற்றுக்கொண்டால் பணக் கணக்கும் தானே குறைந்துவிடும். மூன்றரை மணி நேரத்தில் 40 கி.மீ. போய் வர முடியாது. எனவே பெரிய கார் தேவையில்லை. துறைமுகத்துக்கு அருகில், ஒரே ஒரு இடம் என்றால் போதும். அந்த ஒரு இடம் பெரும்பாலும் பஸ்ஸிலோ படகிலோ போகக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது.

இந்தியக் கரையை ஒட்டி உல்லாசக் கப்பல்கள் ஓடுவது புதிதல்ல. ஆனால் கம்பெனிகள் வருவதும் போவதுமாகவே இருந்தன. 2011-ல் சென்னையிலிருந்து கிளம்பிய முயற்சி நீடிக்கவில்லை. 2019-ல் மும்பையில் தொடங்கிய இன்னொரு கம்பெனி, கொரோனா வந்த 2020-ல் முடிந்துபோனது. 2021 செப்டம்பரில் கார்டேலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரெஸ்’ மும்பையிலிருந்து புறப்படத் தொடங்கியது. 1990-ல் ‘நார்டிக் எம்ப்ரெஸ்’ என்ற பெயரில் கடலில் இறங்கிய கப்பல் இது. கோவா, கொச்சி, லட்சத்தீவு, சென்னை என்று பருவத்துக்கு ஏற்ப இதன் தடம் மாறும். தேனிலவுத் தம்பதிகள் மட்டுமல்ல, பள்ளி விடுமுறையில் குழந்தைகளோடு வரும் நடுத்தரக் குடும்பங்களும் இப்போது இதில் ஏறுகின்றன.

விளம்பரத்தில் சொல்லாத செலவு

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் தொகையோடு செலவு முடிவதில்லை. துறைமுகக் கட்டணம், வரி, டிப்ஸ் என்று தனித்தனியாகச் சேரும். இதற்கெல்லாம் மேல் வருவது கரைச் சுற்றுலா. கப்பலிலேயே டிக்கெட் விற்பார்கள். ஏ.சி. பஸ், கைடு, திரும்பக் கொண்டுவந்து விடும் உத்தரவாதம் எல்லாம் அதில் அடக்கம்.

இந்த உத்தரவாதத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. கம்பெனியின் பஸ் தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். தனியாகப் போனவருக்காகக் காத்திருக்காது. ஆனால் கரைச் சுற்றுலாவுக்குக் கட்டணம் தலைக்கு இவ்வளவு. டாக்சிக்குக் கட்டணம் வண்டிக்கு இவ்வளவு. மூன்று பேர் என்றாலே இந்த வித்தியாசம் பெரிதாகிவிடும். இன்னொரு சங்கடம், கைடு பேசி முடிக்கும்வரை நாற்பது பேரோடு வெயிலில் நிற்பது. நான்கு வயதுக் குழந்தை நிற்காது. பஸ்ஸுக்குள் அழத் தொடங்கினால் நடுவில் இறங்கவும் முடியாது. காசு கொடுத்து வாங்கிய சுற்றுலாவில் குழந்தையைச் சமாதானப்படுத்துவதே வேலையாகிவிடும்.

தனியாகப் போவதென்றால் இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான்கு துறைமுகங்களைப் பார்க்கலாம்.

கொச்சி: படகே பொம்மை

குழந்தையோடு இறங்க இந்தியாவில் இதைவிட வசதியான துறைமுகம் அபூர்வம். கப்பல்கள் நிற்பது வெலிங்டன் தீவில். துறைமுகம் அமைக்கத் தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கிய தீவு அது. சென்னை மாகாண கவர்னராக இருந்து, பிறகு வைஸ்ராயான வெலிங்டன் பிரபுவின் பெயரைத் தாங்குகிறது. 2021 பிப்ரவரியில் இங்கே ‘சாகரிகா’ என்ற பயணிகள் முனையம் திறக்கப்பட்டது.

2023 ஏப்ரலில் கொச்சியில் வாட்டர் மெட்ரோ தொடங்கியது. பேட்டரியில் ஓடும் ஏ.சி. படகுகள், ஒன்றில் நூறு பேர் போகலாம். 2024-ல் ஃபோர்ட் கொச்சிக்கும், 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரிக்கும் வெலிங்டன் தீவுக்கும் நிலையங்கள் வந்தன. தொடங்கியபோது குறைந்த கட்டணம் 20 ரூபாய், அதிகபட்சம் 40 ரூபாய் என்று வைத்தார்கள். அந்த அதிகபட்சக் கட்டணத்திலேயே பெரியவர்கள் இருவர் போய்வந்தாலும் 160 ரூபாய்தான்.

தள்ளுவண்டியில் குழந்தையைக் கொண்டுபோகிறவர்களுக்கு இந்தப் படகில் ஒரு சௌகரியம் இருக்கிறது. இதன் ஜெட்டிகள் மிதப்பவை. நீர் ஏறினாலும் இறங்கினாலும் மேடையும் படகும் ஒரே மட்டத்தில் இருக்கும். வண்டியை உருட்டிக்கொண்டே உள்ளே போய்விடலாம். பழைய போக்குவரத்துப் படகுகளும் ஓடுகின்றன, அவை இன்னும் மலிவு. ஆனால் அவற்றில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காலை அகட்டி வைத்துத்தான் ஏற வேண்டும்.

கரையில் என்ன பார்ப்பது? ஃபோர்ட் கொச்சியின் சீன வலைகள் போதும். ஒவ்வொன்றையும் சில ஆட்கள் சேர்ந்து இயக்குகிறார்கள். கயிற்றில் கோர்த்த பாறாங்கற்கள் எடைக்கு எடை நின்று வலையைத் தண்ணீருக்குள் இறக்கி, மேலே தூக்குகின்றன. உள்ளே மீன் துள்ளுகிறதா என்று பார்க்கக் கொக்கும் பூனையும் காக்கையும் காத்திருக்கும். குழந்தைக்கு ஒரு மணி நேரம் போவதே தெரியாது. இதற்கு டிக்கெட் கிடையாது. கொஞ்ச தூரத்தில் குழந்தைகள் பூங்காவும் உண்டு.

மட்டாஞ்சேரி அரண்மனையின் ராமாயணச் சுவரோவியங்கள் பெரியவர்களுக்கு. அங்கே போனால் அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. 1568-ல் கட்டிய யூதர் தேவாலயத்துக்குச் சனிக்கிழமை விடுமுறை. கப்பல் என்ன கிழமையில் நிற்கிறது என்பதை வீட்டிலேயே பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

கோவா: பனாஜி வேண்டாம், வாஸ்கோ போதும்

கோவா என்றதும் பழைய கோவாவின் தேவாலயங்களும் பனாஜியின் தெருக்களும் நினைவுக்கு வரும். கப்பல் நிற்பது அங்கே அல்ல, தெற்கே மர்மகோவா துறைமுகத்தில். பனாஜிக்குப் போய்வருவதிலேயே காலைப் பொழுதில் பாதி ரோட்டில் கரையும். டாக்சிக் கட்டணம் கோவாவில் பல ஆண்டுகளாக அரசியல் பிரச்சினை. மீட்டரை நம்பி ஏறக்கூடாது. போக, காத்திருக்க, திரும்ப என்று மொத்தத் தொகையைப் பேசிக்கொண்டு ஏற வேண்டும்.

துறைமுகத்தை அடுத்த ஊர் வாஸ்கோ. அங்கிருந்து சில கி.மீ. தூரத்தில், போக்மாலோ போகும் வழியில் கடற்படையின் விமான அருங்காட்சியகம் இருக்கிறது. 1998-ல் தொடங்கப்பட்டது. திறந்தவெளியில் சீ ஹாரியர், சீ ஹாக், அலீஸே, சூப்பர் கான்ஸ்டலேஷன் என்று ஓய்வுபெற்ற விமானங்கள் வரிசையாக நிற்கின்றன. விமானத்தை வானத்தில் புள்ளியாகவே பார்த்த குழந்தை, அதன் சக்கரம் தன்னைவிட உயரம் என்று கண்டுபிடிக்கும். நுழைவுக் கட்டணம் சொற்பம். திங்கட்கிழமை விடுமுறை. வேடிக்கை முடிந்ததும் அதே ரோட்டில் போக்மாலோ கடற்கரை. பக்கத்திலேயே டபோலிம் விமான நிலையம் இருப்பதால், உண்மையான விமானம் தாழப் பறப்பதைப் பார்க்கும் அதிர்ஷ்டமும் வாய்க்கலாம்.

மும்பை: இறங்கும் நாள்

மும்பை பெரும்பாலான பயணிகளுக்கு ஏறும் இடம், இறங்கும் இடம். சிக்கல் இறங்கும் நாளில்தான். கப்பல் காலையிலேயே எல்லோரையும் இறக்கிவிடும். ஊருக்குத் திரும்பும் ரயில் இரவில் இருக்கும். நடுவில் ஒரு பகல் முழுக்க, பெட்டிகளோடும் தூங்கி வழியும் குழந்தையோடும் என்ன செய்வது? ஓட்டல் ரூம் போட்டால் கப்பலில் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும்.

பயணிகள் முனையம் பல்லார்ட் பியரில் இருக்கிறது. சத்ரபதி சிவாஜி மகராஜ் ரயில் நிலையம் அங்கிருந்து பக்கம்தான். ரயில் டிக்கெட்டைக் காட்டி, பூட்டிய பெட்டிகளை நிலையத்தின் க்ளோக் ரூமில் வைத்துவிட்டால் பாதி பாரம் குறையும். 1888-ல் முடிந்த அந்தக் கட்டடமே ஒரு காட்சி. கல்லில் செதுக்கிய குரங்கும் மயிலும் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று தேடச் சொன்னால் அரை மணி நேரம் போகும். பிறகு பெஸ்ட் பஸ்ஸில் பழைய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியம். இப்போது சத்ரபதி சிவாஜி பெயரில் உள்ள அந்த வளாகத்தில் 2019-ல் குழந்தைகளுக்கென்றே தனி அருங்காட்சியகம் திறந்தார்கள். பெஸ்ட் பஸ்ஸின் குறைந்த கட்டணம் 2025 மே மாதம் 5 ரூபாயிலிருந்து 10 ஆனது. ஆனாலும் இந்த நகரத்தில் இதைவிட மலிவான உட்காருமிடம் இல்லை.

எலிபெண்டா குகைகள் ஆசை காட்டும். படகில் ஒரு மணி நேரம், பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட படிகள், திரும்ப ஒரு மணி நேரம். நான்கு வயதுக் குழந்தையைப் பாதிப் படிக்கு மேல் யாராவது தூக்க வேண்டும். திங்கட்கிழமை குகைகள் மூடியிருக்கும். அதையும் மீறிப் போகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. 2024 டிசம்பர் 18 அன்று எலிபெண்டா போன பயணிகள் படகில் கடற்படையின் விரைவுப் படகு மோதி, பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் இந்தத் தடத்தில் லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் கண்டிப்பு வந்தது. குழந்தைக்குப் பொருந்தும் அளவில் ஜாக்கெட் இல்லாத படகில் ஏற வேண்டாம். பெரியவர்களின் ஜாக்கெட்டைச் சின்னக் குழந்தைக்கு மாட்டினால், தண்ணீரில் அது தலை வழியே கழன்று வந்துவிடும்.

விசாகப்பட்டினம்: மாலைக்கு நீர்மூழ்கி

சென்னையிலிருந்து அவ்வப்போது கப்பல் போகும் துறைமுகம் இது. 2023 செப்டம்பரில் புதிய பயணிகள் முனையம் திறக்கப்பட்டது. ராமகிருஷ்ணா கடற்கரையில் ஐ.என்.எஸ். குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல் மணல்மேல் நிற்கிறது. சோவியத் நாட்டில் கட்டப்பட்டு 1969-ல் கடற்படையில் சேர்ந்து, 2001-ல் ஓய்வு பெற்றது. 2002 முதல் அருங்காட்சியகம். ஒரு முனையில் ஏறி, குறுகிய அறைகள் வழியே நடந்து, மறு முனையில் இறங்க வேண்டும். தள்ளுவண்டி உள்ளே போகாது. எதிரிலேயே கடற்படையின் டி.யு.-142 விமானமும் 2017 முதல் காட்சிக்கு இருக்கிறது.

குர்சுராவுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. வாரநாட்களில் பிற்பகலில்தான் திறப்பது வழக்கம். கப்பல் மாலை வரை நிற்கிறதா என்று பார்த்துத் திட்டமிட வேண்டும். அந்தக் கடற்கரையில் அலை இழுக்கும். மணலில் விளையாடலாம், தண்ணீரில் இறங்க வேண்டாம்.

இறங்காமல் இருப்பதும் ஒரு வழி

லட்சத்தீவில் பெரிய கப்பல் கரையை நெருங்க முடியாது. பவழப் பாறைக்கு வெளியே நங்கூரம் போட்டுவிட்டு, பயணிகளைச் சிறு படகுகளில் இறக்குவார்கள். கடல் ஆடும்போது கப்பலின் படியிலிருந்து ஆடும் படகுக்குக் குழந்தையைக் கைமாற்ற வேண்டும். காற்று பலமானால் இறங்குவதே ரத்தாகும். இயற்கை மட்டுமல்ல, அரசும் தடுக்கலாம். 2022 ஜூனில் சென்னையிலிருந்து போன கப்பலின் பயணிகள் புதுச்சேரியில் இறங்க அந்த அரசு அனுமதி தரவில்லை. ‘நாளைக்கு உன்னை அந்தத் தீவுக்குக் கூட்டிப்போகிறேன்’ என்று குழந்தையிடம் முன்கூட்டியே சத்தியம் செய்யாமல் இருப்பது உத்தமம்.

முதல்நாள் இரவு குழந்தைக்கு வாந்தியோ காய்ச்சலோ என்றால் கப்பலிலேயே தங்கிவிடுவதில் இழப்பில்லை. எல்லோரும் இறங்கிவிட்ட பகலில் நீச்சல் குளம் காலியாக இருக்கும். சாப்பாட்டுக்கு வரிசை இருக்காது. அதற்கான பணத்தை ஏற்கெனவே கட்டியாகிவிட்டது.

வயிற்றுக் கோளாறு கப்பலில் வேகமாகப் பரவும். நோரோ வைரஸ் போன்ற கிருமிகளைக் கை சானிட்டைசர் முழுதாகக் கொல்வதில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவுவதுதான் காப்பு. கரையில் பாட்டில் தண்ணீர், தோலுரித்துத் தின்னும் வாழைப்பழம், சூடான இட்லி போதும். ஐஸ் போட்ட ஜூஸும் வெட்டி வைத்த பழமும் வேண்டாம். பையில் இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருக்கட்டும். அதன் மேலுறையில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். குத்துமதிப்பாகப் பாதி கொட்டிக் கலக்கக்கூடாது. கடல் மயக்கத்துக்கான மாத்திரையைப் பெரியவர்களுக்கு வாங்கியதிலிருந்து உடைத்துக் கொடுப்பது ஆபத்து. கிளம்பும் முன்பே குழந்தை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் நிரம்பாத குழந்தையைப் பல கப்பல் கம்பெனிகள் ஏற்றுவதேயில்லை.

இலங்கை, மாலத்தீவு போகும் கப்பல் என்றால் குழந்தைக்கும் பாஸ்போர்ட் வேண்டும். சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான். கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்தது பள்ளியில் சேரும்போது காலாவதியாகிவிடும். மாலத்தீவின் கடிகாரம் நம்முடையதைவிட அரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. கரைக் கடிகாரத்தை நம்பிக் கப்பலைத் தவற விடுவது இப்படித்தான். கப்பலில் அறிவிக்கும் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டும்.

இறங்கும்போது குழந்தையின் சட்டைப் பையில் ஒரு சீட்டு. அதில் கப்பல் பெயர், துறைமுகம், அப்பா அம்மா போன் நம்பர். அன்று காலை போட்டிருக்கும் உடையோடு செல்போனில் ஒரு படம். கூட்டத்தில் குழந்தை கை நழுவினால் ‘என்ன கலர் சட்டை?’ என்று போலீஸ்காரர் கேட்கும்போது இது உதவும்.

வாசலுக்கு வெளியே

2024 செப்டம்பர் 30 அன்று மத்திய அரசு ‘க்ரூஸ் பாரத்’ திட்டத்தை மும்பையில் அறிவித்தது. 2029-க்குள் கடல் வழி உல்லாசக் கப்பல் பயணிகளை 10 லட்சமாக உயர்த்துவது இலக்கு. முனையங்கள் கண்ணாடியும் கிரானைட்டுமாக எழுகின்றன. மும்பையில் 2025 செப்டம்பரில் திறந்த முனையம் அவற்றில் ஒன்று.

ஆனால் நம் துறைமுகங்கள் சரக்குக்காகக் கட்டப்பட்டவை. உள்ளே லாரியும் கிரேனும் ஓடும். பாதுகாப்புக்காகப் பயணி நடந்துபோக அனுமதி இல்லை. ஷட்டில் பஸ் கொண்டுவந்து விடும் வாசலுக்கு வெளியே பல ஊர்களில் நிழற்குடை இல்லை, பஸ் எண் எழுதிய பலகை இல்லை, குழந்தைக்கு உடை மாற்ற ஓர் இடம் இல்லை. இருப்பது டாக்சிக்காரர்களின் கூட்டம் மட்டுமே. வெயிலில் குழந்தை சிணுங்கும்போது பேரம் பேசும் தெம்பு யாருக்கும் இருக்காது. கேட்டதைக் கொடுத்துவிட்டு ஏறுகிறார்கள். கரைச் சுற்றுலாவின் விலை உயர்ந்திருப்பதற்கும் இந்தத் திகைப்பு ஒரு காரணம்.

இதைச் சரிசெய்யக் கோடிகள் தேவையில்லை. ஊரில் ஏற்கெனவே ஓடும் படகையோ பஸ்ஸையோ துறைமுக வாசல் வரை நீட்டினால் போதும். கொச்சி அதைச் செய்திருக்கிறது. வெலிங்டன் தீவின் படகு நிலையம் வேலைக்குப் போகிறவர்களுக்கும் கப்பலில் வந்து இறங்குகிறவர்களுக்கும் பொதுவானது. 10 லட்சம் பயணிகளை எதிர்பார்க்கும் மற்ற துறைமுகங்களும் இதைப் பார்த்துக்கொள்ளலாம். வரப்போகிறவர்களில் கணிசமானோர் ஒரு கையில் பையும் மறு கையில் குழந்தையுமாகத்தான் இறங்குவார்கள்.